இலங்கைக்குப் படிப்புப் பயணம்: கிளம்பும் முன் மாணவர்கள் கேட்டவை

மதுரைக் கல்லூரி மாணவர் குழு ஒன்று அடுத்த மாதம் கொழும்பு, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம் போகிறது. அந்தப் பக்கம் மாணவர்களைக் கூட்டிப்போய்ப் பழக்கப்பட்ட வரலாற்று ஆசிரியர் நான். சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் இது.

மேலூர் மாணவர்: சார், அங்கேயும் தமிழ்தான், சாமியும் நம்ம சாமிதான். ஜப்பான், ஜெர்மனி போகிறவர்களுக்கு வகுப்பு வைத்தால் சரி. நமக்கு எதற்கு?

ஜப்பான் போகிறவன் தனக்கு ஒன்றும் தெரியாதே என்று பார்த்துப் பார்த்து நடப்பான் தம்பி. நீங்கள் எல்லாம் தெரியும் என்று போகிறீர்கள். என் கவலையே அதுதான். தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒரே கூட்டம் இல்லை. வடக்கு, கிழக்குத் தமிழர், தோட்ட வேலைக்கு இங்கிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர், முஸ்லிம்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனி வரலாறு. முஸ்லிம்கள் வீட்டில் தமிழ் பேசினாலும் தங்களைத் தனி இனமாகத்தான் சொல்வார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து அவர்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். "நீங்களும் தமிழர்தானே" என்று நீங்கள் பாசமாகச் சொன்னாலும் அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். இன்னொன்று, சினிமாவில் கேட்ட யாழ்ப்பாணத் தமிழை யாழ்ப்பாணத்துக்காரர்கள் முன்னால் பேசிக்காட்டாதீர்கள். நம் பேச்சை ஒருவர் நம் எதிரிலேயே இழுத்து இழுத்துப் பேசினால் நமக்கு எப்படி இருக்கும்?

திருப்பரங்குன்றம் மாணவி: போரைப் பற்றிக் கேட்கலாமா சார்? கேட்காமல் திரும்பினால் அது என்ன படிப்புப் பயணம்?

நியாயமான கேள்வி. கேட்கலாம், ஆனால் ஆளையும் இடத்தையும் பார்த்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். 1981இல் எரிக்கப்பட்டுப் பிறகு திரும்பக் கட்டிய பொது நூலகத்துக்குப் போகும்போது அங்கே கேளுங்கள். சாப்பாடு போடுகிற அம்மாவிடமும் ஆட்டோக்காரரிடமும் நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம். போர் 2009இல் முடிந்தது. ஆனால் காணாமல் போனவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

ஒருமுறை கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை. எங்கள் மாணவி ஒருத்தி அதைப் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு கிணற்றடிக்குப் போனாள். அங்கே கழுவிக்கொண்டே அவராகவே மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவன் வருவான் என்று காத்திருக்கிறார், அதனால்தான் மாலை போடவில்லை. வந்ததும் வராததுமாக "இவர் எப்படி இறந்தார்?" என்று நம்மில் யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்படி ஒருவர் பேசும்போது போனை வெளியே எடுக்கவே கூடாது.

அப்புறம், புலிக்கொடியோ தலைவர் படமோ போட்ட டி-சர்ட் பெட்டியில் இருக்கக் கூடாது. அந்த இயக்கம் இங்கேயும் தடை, அங்கேயும் தடை. நீங்கள் ஊர் வந்து சேர்ந்துவிடுவீர்கள். உங்களுக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரர்தான் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

விடுதியில் தங்கிப் படிக்கும் ராமநாதபுரம் மாணவர்: எங்கள் மீனவர்களை அவர்கள் கடற்படை பிடித்துக்கொண்டு போகிறது. அங்கே போய் அதைக் கேட்கத்தான் போகிறேன்.

கேளுங்கள். கேட்பதற்கு முன் யாழ்ப்பாணக் கரையில் இருக்கும் மீனவரிடம் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவரும் தமிழர்தான். போர்க்காலத்தில் நினைத்தபடி கடலுக்குப் போக முடியாமல் கிடந்தவர். இப்போது நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப்போகும் பெரிய வலையான இழுவை மடி தன் வலையை அறுத்துக்கொண்டு போகிறது, கடலடியையே சுரண்டுகிறது என்பார். அந்த மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. உங்கள் வீட்டுக் கஷ்டமும் பொய்யில்லை, அவர் கஷ்டமும் பொய்யில்லை. இரண்டு கரைப் பாட்டையும் புரிந்துகொள்ள இந்தக் குழுவில் உங்களைவிடத் தோதான ஆள் இல்லை.

செல்லூர் மாணவர்: பாஸ்போர்ட், சார்ஜர் விஷயம்?

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். நுழைவு அனுமதிக்கு இலங்கை அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரத்தில் மறுபடி பாருங்கள். பல இடங்களில் பிளக் பாயின்ட் சதுர முள்ளுக்கானது, ஒரு அடாப்டர் போதும். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

அனுப்பானடி மாணவி: கோயில்களில் என்ன உடுத்த வேண்டும்? செல்ஃபி எடுக்கலாமா?

புத்தரின் பல் வைத்திருக்கும் கோயிலான கண்டி தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், செருப்பு வெளியே. நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே பெரிய அவமதிப்பு. 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண் ஒருவரைக் கைது செய்து நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அது தவறு என்று 2017இல் அவர்கள் உச்ச நீதிமன்றமே இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இருந்தாலும் மக்கள் மனம் எவ்வளவு புண்படும் என்பதை அதில் தெரிந்துகொள்ளலாம். பௌர்ணமி நாள் அங்கே பொது விடுமுறை, கோயில்களில் வெள்ளை உடுத்தி வருவார்கள். முடிந்தால் வெள்ளை உடை ஒன்று எடுத்து வையுங்கள்.

உசிலம்பட்டி மாணவி: எங்கள் கொள்ளுத்தாத்தா கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனவராம். அவர் இருந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்குத்தான் ஆள் போனது. 1869இல் இலைநோய் வந்து காப்பி அழிய, தேயிலை வந்தது. அந்த மக்களின் குடியுரிமையை 1948 சட்டம் பறித்தது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள். அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்துவிட்டவர்களில் பலர் இன்றும் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூடையோடு நிறுத்தி வைக்காதீர்கள், எடை குறைந்தால் அவர்கள் கூலிதான் குறையும். இடத்தைத் தேட வேண்டுமானால் தோட்டத்தின் பெயர் வேண்டும். பாட்டியிடம் இந்த வாரமே உட்கார்ந்து தோட்டத்தின் பெயர், ஆள் கூட்டிப்போய் வேலை வாங்கிய கங்காணி பெயர், குலசாமி பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய கடிதத்தின் உறை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, முகவரி அதிலேயே இருக்கும்.