ஏரிக்குப் புதுத்தண்ணீர் வரும் நேரத்தில் விரால்: கேள்வி பதில்

புரட்டாசி நடுவிலிருந்து ஐப்பசி முடிய, கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் குளம், குட்டை, ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பேச்சு பெரும்பாலும் விராலைப் பற்றித்தான். மற்ற மீன்கள் ஊடே வரும்.

வில்லியனூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அமெரிக்காக்காரர்கள் குளத்தில் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோக்கள் நிறையப் பார்க்கிறேன். செப்டம்பர் வந்தால் மீன் இடம் மாறும், இரையைத் துரத்தும், லூரை, அதாவது செயற்கை இரையை, மாற்று என்கிறார்கள். அதே முறை நம்ம ஊர் விராலுக்குச் சரிவருமா?

பாதி வரும். எந்தப் பாதி என்பதுதான் முக்கியம்.

அங்கே செப்டம்பரில் இரவுகள் குளிர ஆரம்பிக்கும். கோடையில் 27, 28 டிகிரி செல்சியஸ் இருந்த தண்ணீர் மெதுவாக இறங்கி இருபதுக்குக் கீழே போகும். ஷாட் என்கிற சின்ன மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடைகளின் கடைசி வரை ஏறும், பாஸ் அவற்றின் பின்னாலேயே போகும். ஆழமான ஏரிகளில் கோடை முழுக்க மேலே சூடும் கீழே குளிருமாகப் பிரிந்து கிடந்த தண்ணீர், மேல்பகுதி குளிர்ந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்தக் கலக்கத்தில் சில நாள் மீன் மந்தமாகிவிடும். சின்னக் குளங்களில் ஷாட் பெரும்பாலும் இருக்காது. அங்கே பாஸ் தவளையையும் சின்ன மீனையும் தின்றுகொண்டு செடி ஓரத்திலேயே கிடக்கும்.

நம்மிடம் செப்டம்பர் என்ன, அக்டோபர் முதல் வாரத்திலும் பகல் வெயில் மண்டையைப் பிளக்கும். தண்ணீர் சூடு பெரிதாக இறங்காது. இங்கே பருவம் மாறியதைக் காட்டுவது வரத்து. ஏரிக்குப் புதுத்தண்ணீர் வர ஆரம்பிக்கிற அன்றைக்குத்தான் விரால் இடம் மாறும். அதனால் அவர்கள் வெப்பமானியைப் பார்க்கிற இடத்தில் நீங்கள் வரத்து வாய்க்காலைப் பாருங்கள்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: செடி ஓரமாக வீசுவது, வெளிச்சம் குறைவான நேரத்தில் போவது, ரப்பர் தவளையை மெதுவாக இழுப்பது. விட்டுவிட வேண்டியது: ஆழத்துக்கு முக்குளிக்கிற லூர்கள். நாலடித் தண்ணீரும் ஆகாயத்தாமரையும் இருக்கிற இடத்தில் அது செடியைத்தான் பிடித்துக் கொடுக்கும்.

பாகூரிலிருந்து: புதுத்தண்ணீர் வந்தால் விரால் எங்கே போகும்? ஏரி முழுக்கச் சுற்றியும் கண்ணில் படவில்லை.

கோடையில் தண்ணீர் வற்றும்போது விரால் ஏரியின் பள்ளத்திலும் மதகடிக் குழியிலும் ஒடுங்கிக் கிடக்கும். தண்ணீர் ஏறியதும் நேற்று வரை காய்ந்து கிடந்த கரையோரப் புல்தரை முழங்காலளவு தண்ணீரில் நிற்கும். அங்கே தவளை கத்தும், புழு பூச்சியெல்லாம் மிதக்கும், கெண்டைக் குஞ்சு ஏறும். விராலும் அங்கேதான் வரும். பெரும்பாலானவர்கள் வழக்கம்போல ஏரி நடுவைப் பார்த்து வீசிக்கொண்டிருப்பார்கள், மீன் அவர்கள் காலுக்குப் பத்தடி தள்ளிக் கிடக்கும்.

உங்கள் ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் வாய்க்காலில் வரும். உள்ளூரில் பெய்த மழையை மட்டும் நம்பிக் கிளம்பாமல், வாய்க்கால் ஓடுகிறதா என்று யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள். ஓடினால், வாய்க்கால் ஏரியில் விழுகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். நேர் ஓட்டத்தில் விரால் நிற்காது, ஓட்டத்தை ஒட்டிய தேக்கத்தில் வாயை வரத்துப் பக்கம் வைத்துக் கிடக்கும்.

நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் தண்ணீருக்குள் மூழ்கி நின்றால் அதை விடாதீர்கள். அந்தச் செடியை யாருக்கும் பிடிக்காது, விராலுக்கு மட்டும் பிடிக்கும். நிழல், மறைவு, மேலிருந்து விழுகிற பூச்சி எல்லாம் அதற்கு அங்கே ஒரே இடத்தில் கிடைக்கிறது. கிளைக்கு நடுவே வீசாமல் புதர் ஓரத்தை உரசுகிற மாதிரி வீசுங்கள். செடியை ஒடித்தால் வருகிற பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: முதல் பெருமழை பெய்த மறுநாளே போனேன். தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது. ஒன்றுகூடத் தொடவில்லை. மழைக்கு அப்புறம் மீன் பாயும் என்கிறார்களே?

மறுநாள் பாயாது. அன்றைக்கு வருவது ஊர் சாக்கடை, வயல் மண், மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் அலசிக்கொண்டு வருகிற தண்ணீர். இரண்டு மூன்று நாள் விடுங்கள். வண்டல் படிந்து ஓரத்தில் ஒரு சாண் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் அதுதான் நேரம். அவசரமாகப் போயே ஆகவேண்டும் என்றால் கறுப்புத் தவளை, அதுவும் தண்ணீரில் சலசலப்பு உண்டாக்குகிற மாதிரி. கலங்கலில் விரால் கண்ணைவிட, தண்ணீரின் அதிர்வை உடம்பால் உணர்ந்துதான் இரையைத் தேடும்.

உங்கள் பக்கம் இன்னொரு விஷயம். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் தண்ணீர் வாலாஜா ஏரி, பரவனாறு என்று ஓடிப் பெருமாள் ஏரிக்கு வருகிறது. மற்ற ஏரிகள் காய்ந்து கிடக்கும்போதும் அங்கே தண்ணீர் இருக்கும். காய்ந்து நிறைகிற ஏரிக்குச் சொன்ன கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. பெருமழைக்கு நீர்மட்டம் ஏறும்போதுதான் அங்கே மாற்றம் தெரியும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ரப்பர் தவளையை விரால் பளார் என்று அடிக்கிறது. இழுத்தால் வெறும் தவளை வருகிறது. பத்துக்கு ஏழு இப்படித்தான் போகிறது. என்ன செய்ய?

இதை ஐந்தாறு பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் அவசரம். சத்தம் கேட்டதும் கை தானாக இழுத்துவிடும். விரால் அடித்தவுடனே தவளை முழுக்க அதன் வாய்க்குள் போய்விடாது. கவ்விக்கொண்டு திரும்பும், அப்போதுதான் வாய் மூடும். அடி விழுந்ததும் ராடின் நுனியை மீன் பக்கம் தாழ்த்துங்கள், தொய்வைச் சுருட்டுங்கள், தூண்டில் நரம்பில் பாரம் தெரிந்த பிறகு ஓங்கி இழுங்கள். மனதுக்குள் “ஒண்ணு, ரெண்டு” சொல்கிற நேரம்தான். அதற்கு மேல் விட்டால் செடிக்குள் கொண்டுபோய்ச் சுற்றிவிடும்.

இரண்டாவது, முள். கடையில் வாங்கிய தவளையில் இரண்டு முள்ளும் ரப்பரோடு ஒட்டிக் கிடக்கும். செடி மாட்டாமலிருக்க அப்படி வைக்கிறார்கள். குறடால் லேசாக வெளியே வளைத்துவிடுங்கள். நகத்தில் வைத்துத் தேய்த்தால் வழுக்காமல் நிற்கவேண்டும், இல்லையென்றால் அரம் போடுங்கள். விராலின் வாய் எலும்பு கெட்டி.

மூன்றாவது, நரம்பு. சாதாரண நைலான் நரம்பு இழுத்தால் நீளும். தூரத்தில் மீன் அடிக்கும்போது உங்கள் இழுப்பு முழுக்க அந்த நீட்சியிலேயே போய்விடும். பிரெய்டு என்கிற, இழைகளைப் பின்னிச் செய்த நீளாத நரம்பைப் போடுங்கள், நாற்பது ஐம்பது பவுண்டு தாங்குவது. மீன் மூன்று கிலோதானே என்று கேட்காதீர்கள். நீங்கள் இழுப்பது மீனோடு சேர்த்து அரைக் கூடை ஆகாயத்தாமரையையும்தான்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. விரால் செவுளால் மட்டும் மூச்சுவிடுகிற மீன் இல்லை. தலைக்குள் காற்றை வாங்குகிற தனி அறை இருக்கிறது, அதற்காக அடிக்கடி மேலே வந்தே ஆகவேண்டும். கரையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். ஓரிடத்தில் ‘ப்ளக்’ என்று ஒரு வாய் காற்று, இரண்டு மூன்று குமிழ். கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும். இடம் தெரிந்ததும் அதன் தலைமேல் வீசாதீர்கள். நாலடி தள்ளி வீசி அந்தப் பக்கமாக இழுத்து வந்து, செடிகளுக்கு நடுவே ஒரு இடைவெளியில் நிறுத்துங்கள். நிறுத்தும்போதுதான் அடிக்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: புரட்டாசி முழுக்க வீட்டில் கவிச்சி ஆகாது. ஆனால் நீங்கள் சொல்கிற நல்ல காலமே அப்போதுதான் தொடங்குகிறது. பிடித்துவிட்டு விட்டால் மீன் பிழைக்குமா? அதுவும் பாவம்தானே என்கிறார் அம்மா.

பாவக் கணக்கை அம்மாவிடமே விட்டுவிடுகிறேன். பிழைக்குமா என்றால், காற்றைக் குடிக்கிற மீன் என்பதால் விரால் கெண்டையைவிட நன்றாகத் தாங்கும். முள்ளின் கொக்கிப் பல்லைக் குறடால் நசுக்கிவிட்டுப் போங்கள், கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், உடம்பிலுள்ள வழவழப்புதான் அதற்குத் தோல் காப்பு. சுடுமணலிலோ கான்கிரீட் கரையிலோ போடாதீர்கள். செவுளுக்குள் விரல் விட்டுப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் “ரிலீஸ்” என்று போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தவளையை உயிரோடு கோர்ப்பதைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தவளைக் கால் ஏற்றுமதியையே நம் நாடு 1987இல் நிறுத்தியது. வயல் பூச்சியைத் தின்கிற ஜீவன் அது. ரப்பரில் அடிக்கிற மீனுக்கு உயிர்த்தவளை எதற்கு?

காட்டுமன்னார்கோவிலிலிருந்து: வீராணம் பக்கத்து வாய்க்காலில் சிவப்பாகப் பொடிக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக மேலே வந்து வந்து போகின்றன. அடியில் பெரிய விரால் இருக்கிறது. எதை வீசினாலும் அடிக்கிறது. பிடிக்கலாமா?

கூடாது. அது பசியில் அடிக்கவில்லை, குஞ்சைக் காக்க அடிக்கிறது. அதனால்தான் எதை வீசினாலும் வருகிறது. தாய் தகப்பனை எடுத்துவிட்டால் அந்தக் கூட்டத்தை ஜிலேபியும் குறவையும் கொக்கும் அன்றைக்கே முடித்துவிடும். சிவப்பு மாறிக் குஞ்சுகள் பிரிந்து போகிறவரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பெருமை பேச அது ஒரு மீனும் இல்லை. எறிந்த கல்லையும் அடிக்கிற மீனைப் பிடிக்கத் திறமை எதற்கு?

திருக்கனூரிலிருந்து: ஊசுட்டேரியில் தூண்டில் போடலாமா?

அது பறவைகள் சரணாலயம். போடாதீர்கள். மற்ற ஏரி, குளங்களிலும் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். பிடித்துவிட்டு விடுகிறேன் என்றால் பலர் மறுப்பதில்லை. அறுந்த நரம்பை அங்கேயே எறியாதீர்கள், நீர்க்காகத்தின் காலிலும் நாரையின் அலகிலும் அதுதான் சுற்றிக்கொள்கிறது.

பண்ருட்டியிலிருந்து: எங்கள் குட்டையில் கட்லா, ரோகு விட்டிருக்கிறோம். நாலு நாளாக மூட்டம், விட்டுவிட்டு மழை. விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இரை தேடுகிறதா? தூண்டில் போட நல்ல நேரமா?

தூண்டிலை ஓரம் வையுங்கள், முதலில் குட்டையைப் பாருங்கள். அது மூச்சுத் திணறல். வெயில் இருந்தால் பாசி பகலில் பிராணவாயு விடும். மூட்டமான நாளில் அது குறைந்துவிடும், இரவில் பாசியும் மீனும் சேர்ந்து இருப்பதையும் செலவழிக்கும். விடியும் முன்புதான் மிகவும் குறைவாக இருக்கும். மேலே குளிர்ந்த மழைநீர் விழுந்து அடிச்சேறு கலங்கினால் இன்னும் மோசம். தீவனத்தை உடனே நிறுத்துங்கள், சாணம் போடாதீர்கள். மோட்டார் போட்டு அதே தண்ணீரை உயரத்திலிருந்து விசிறி விழவிடுங்கள், வெயில் ஏறும்வரை. அந்தக் குட்டையில் விரால் இருந்தால் அது மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து: மழை வந்தால் உப்பனாற்றில் கொடுவா குறைந்துவிடுகிறதே, ஏன்?

வெள்ளத்தில் முகத்துவாரத்துத் தண்ணீர் நன்னீராகிக் கலங்கிவிடும். இரை மீன்கள் கடல் பக்கம் இறங்கும், கொடுவாவும் இறங்கும். பெரிய கொடுவா முட்டையிடுவதே உப்புத்தண்ணீரில்தான், குஞ்சுகள்தான் உப்பங்கழிக்கும் குளத்துக்கும் ஏறி வளர்கின்றன. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும், கடல் ஏற்றம் வருகிற நேரம் பார்த்துப் போங்கள்.

சிதம்பரத்திலிருந்து: மழைக்குப் பிறகு பிடிக்கிற விராலில் சிலவற்றின் உடம்பில் சிவப்புப் புண். சாப்பிடலாமா?

மழை முடிந்து தண்ணீர் குளிர்கிற மாதங்களில் விராலுக்கும் குறவைக்கும் வருகிற பூஞ்சை நோய் அது. அந்தப் பூஞ்சை மனிதருக்குத் தொற்றாது. ஆனால் திறந்த புண்ணில் வேறு கிருமிகள் ஏறியிருக்கும், அதனால் அந்த மீனைச் சமைக்காதீர்கள். வேறு குளத்தில் கொண்டுபோய் விடவும் வேண்டாம், நோய் அப்படித்தான் பரவுகிறது. வலை, பை எல்லாவற்றையும் நன்றாக வெயிலில் காயவைத்துவிட்டு அடுத்த குளத்துக்குப் போங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு ஒன்பது வயது. தூண்டில் வேண்டும் என்று அடம். ரீல் வைத்ததே வாங்கிக் கொடுக்கலாமா? பயமாகவும் இருக்கிறது.

ரீல் இப்போது வேண்டாம் அம்மா. ஆறடி மூங்கில் கழி, அதே நீளத்துக்கு மெல்லிய நரம்பு, சோளத்தட்டையில் ஒரு துண்டு தக்கை, பத்தாம் எண் முள், மண்புழு. இவ்வளவு போதும். விராலுக்குக் கூட்டிப்போகாதீர்கள், காத்திருக்கப் பொறுமை வராது. ஜிலேபி இருக்கிற குளமாகப் பாருங்கள், பத்து நிமிஷத்துக்குள் தக்கை ஆடும்.

பயம் இருப்பது நல்லதுதான். படிக்கட்டுள்ள குளமாக இருக்கட்டும், பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும். ஆற்றுத் தடுப்பணை, மண் அள்ளிய குழி, மதகு வாய் பக்கம் மழைக்காலத்தில் போகவே கூடாது. 2022 ஜூனில் கெடிலம் தடுப்பணையில் ஏழு பேர் மூழ்கியது உங்களுக்கும் நினைவிருக்கும். இடி கேட்டால் கழியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு. முள்ளைக் கோர்ப்பதையும் கழற்றுவதையும் கொஞ்ச நாள் நீங்களே செய்யுங்கள். முள்ளின் பல்லை முன்கூட்டியே நசுக்கி வைத்துவிட்டால், விரலில் குத்தினாலும் உருவி எடுத்துவிடலாம்.