லூபெக் நகர மன்றத்தின் சுவரில் ஏன் அவ்வளவு பெரிய வட்ட ஓட்டைகள்?

ஜெர்மனியின் லூபெக் நகர மன்றத்தில் அந்த ஓட்டைகள் இருப்பது காட்சிச் சுவரில், அதாவது கூரையையும் தாண்டி பார்வைக்காகவே உயர்த்திய செங்கல் சுவரில். பின்னால் அறை எதுவும் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம். ஹன்சா வணிகக் கூட்டணியின் தலைமை நகரம் என்பதால் தங்கள் செல்வாக்கை உயரத்தில் காட்டினார்கள். சரி, பால்டிக் கடல் காற்று சும்மா விடுமா? நம்ம ஊரில் பேனர் கிழியாமலிருக்க அரைவட்டமாக வெட்டிவிடுவோமே, அதே உத்திதான், காற்று சுவரை முட்டித் தள்ளாமல் ஓட்டை வழியாகப் போய்விடும். கட்டடக் கல் கிடைக்காத சமவெளி, களிமண் தாராளம், அதனால்தான் செங்கல். அதில் கறுப்பு மெருகேற்றிய வரிசைகள் அத்தனை அழகு! 1942 குண்டுவீச்சில் விழுந்த ஓட்டைகள் என்று நினைத்துவிடாதீர்கள், கட்டும்போதே திட்டமிட்டு வைத்தவை.