ஐந்து ஹெக்டேருக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

உலகமயமாக்கலுக்குப் பிறகு முதலீட்டை இழுப்பதற்காக எல்லா அரசுகளும் தொழிலாளர் சட்டங்களைப் போட்டி போட்டுத் தளர்த்துகின்றன என்கிறார்கள். நீங்கள் கோத்தகிரிக்காரர். தேயிலையில் அப்படித்தான் நடந்ததா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

பனியன் கம்பெனியை மூட்டை கட்டி வேறு நாட்டில் இறக்கிவிடலாம். தேயிலைச் செடியை அப்படிப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. அதனால் இங்கே சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது, வேலைதான் நகர்ந்தது.

1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குக் காப்பகம் எல்லாம் கொடுக்கச் சொன்னது. 2010-இல் பூச்சிமருந்துப் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்தன. 2020-இல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கிக்கொண்டது தனிக் கதை. ஆனால் 1951 சட்டத்தின் கணக்கில் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் இருந்தால்தான் ஒரு நிலம் 'தோட்டம்' என்று எண்ணப்பட்டது. 1991-இல் சோவியத் யூனியன் உடைந்ததும் நீலகிரித் தூளின் பெரிய வாடிக்கை போயிற்று; தொண்ணூறுகளின் கடைசியில் பச்சை இலை விலை விழுந்தது. அதன்பிறகு எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர்களின் இடத்துக்கு நிரந்தர ஆள் எடுப்பது குறைந்தது. ஜார்கண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நம் ஆட்கள் பலர் சின்னத் தோட்டங்களுக்கு நாள்கூலிக்குப் போனார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா முப்பது வருஷம் எஸ்டேட்டில் நிரந்தர ஆளாகப் பேர் போட்டவர். இப்போது ஒரு ஏக்கர்க்காரரிடம் வேலை. இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் பை வைத்த கத்திரி. கிலோ கணக்கில் கூலி. சாயங்காலம் ரோட்டோரத்தில் தராசு, மழை நாளில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிவு. அவர் வலது கட்டைவிரல் இன்னும் கறுப்புதான், இலைக்கறை போகவே போகாது. காப்பகம் கேட்க அவருக்கு எந்தச் சட்டமும் இல்லை. விதியை மீறினார்கள் என்று யாரையும் காட்டவும் முடியாது. எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பு சான்றாகத் தரும் தவளை முத்திரை வேண்டும் என்று வெளிநாட்டு வாங்குபவர் கேட்டால் எஸ்டேட்டில் கையுறையும் கழிப்பறையும் வந்துவிடுகின்றன. லேபர் ஆபீஸர் சொல்லி நடக்காதது, முத்திரை சொல்லி நடக்கிறது. அக்கா வேலை செய்யும் ஏக்கருக்கு முத்திரைக்காகச் சோதிக்கிறவர் வருவதில்லை.

2023-இல் கென்யாவின் கெரிச்சோவில், வேலை பறிபோகிறது என்ற கோபத்தில் இலை பறிக்கும் மெஷின்களைக் கொளுத்தினார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். கத்திரியைச் சாணையில் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த மெஷினு நம்ம சரிவுல நிக்குமா தம்பி?"