மடியில் முடிந்த அரிசி

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. குடியாத்தத்தில் சொந்த வீடு. நானும் மனைவியும் மட்டும்தான். ஓய்வூதியத்துக்குள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன். விடியற்காலையில் ஊறவைத்த வெந்தயமும் செம்புப் பாத்திரத்துத் தண்ணீரும், பிறகு முளைகட்டிய பயறு, பதினொரு மணிக்குக் கேழ்வரகுக் கூழ், வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரை, இரவில் நிலவேம்புக் கசாயம். எல்லாம் வீட்டிலேயே தயாராவதால் செலவு என்று ஏதும் இல்லை. என் ஆயா இப்படி வாழ்ந்துதான் தொண்ணூறு வயது வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருந்தார். வெந்தயத்தை ஊறவைத்துத் தின்பது நல்லதா, முளைகட்டியா? கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா? இன்னும் எவற்றைச் சேர்க்கலாம்? மனைவிக்கு வயது 58. இதற்கெல்லாம் நல்ல ஒத்துழைப்புத் தருகிறாள். ஓராண்டாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறாள். வேலைக்கு நடுவே உட்கார்ந்துவிடுகிறாள். பெண்களுக்கென்று பொடி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நானும் கூழைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அண்டாவின் அருகே நின்று மொண்டு ஊற்றியவர்கள் எல்லாரும் ஆண்கள். முந்தின இரவு வரை மாவு கரைத்துக் கிளறி, வெங்காயம் உரித்து ஓய்ந்தவர்கள் வரிசையின் கடைசியில் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். அந்த வரிசை மனத்தில் இருந்த நேரத்தில் வந்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு நீண்ட பதில்.

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வெந்தயத்தை ஊறவைத்தும் தின்னலாம், முளைகட்டியும் தின்னலாம். எனக்குத் தெரிந்த பெரிய வேறுபாடு கசப்பில்தான். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை நிறுத்திவிட்டு வெந்தயத்தை நம்பாதீர்கள். செம்புப் பாத்திரம் உங்கள் விருப்பம். மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் மட்டும் அதில் ஊற்றி வைக்க வேண்டாம். நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகள் சேர்ந்த காய்ச்சல் மருந்து; காய்ச்சலே இல்லாதவர் ஆண்டு முழுவதும் இரவுதோறும் அதைக் குடிப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கிணற்று நீரைப் பொறுத்தவரை, பாலாற்றுப் பக்கம் தோல் பதனிடும் கழிவு மண்ணிலும் நீரிலும் கலந்ததைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்த மாவட்டம் நம்முடையது. கிணறு பாட்டன் வெட்டியது என்பதால் தண்ணீரும் பாட்டன் காலத்துத் தண்ணீர் ஆகிவிடாது. காய்ச்சினால் கிருமி சாகும். கரைந்த உப்பும் உலோகமும் போகா. ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்த பிறகு குடியுங்கள்.

இனி, நீங்கள் கேள்வி என்றே நினைக்காமல் கடைசியில் சேர்த்த வரிகளுக்கு வருகிறேன்.

"எல்லாம் வீட்டிலேயே தயாராவதால் செலவு என்று ஏதும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் "தயாராவதால்" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். தமிழில் ஒரு வேலையைச் செய்த ஆளை மறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. வினையைத் தன்வினையாக்கிவிட்டால் போதும், சோறு தானே வேகும், துணி தானே காயும், கூழ் தானே தயாராகும். பயறு தானே ஊறித் தானே துணியில் முடிந்துகொண்டு முளைவிட்டதா? வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரை என்றால், நான்கு நாளும் யாரோ ஒருவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இலை உருவியிருக்கிறார் என்று பொருள். உங்கள் கடிதத்தில் அவர் "ஒத்துழைப்பு" என்ற ஒரே சொல்லாக வந்துபோகிறார்.

கூழையே எடுத்துக்கொள்வோம். கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யைக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை அதில் ஊற்றி, அடிபிடிக்காமலும் கட்டி தட்டாமலும் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், தோள்பட்டை விட்டுப்போகும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறிய பிறகு உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்து, அதற்கும் மறுநாள் மோர் விட்டு உப்புப் போட்டுக் கரைத்தால்தான் நீங்கள் பதினொரு மணிக்குக் குடிக்கும் அந்தக் குவளை. இரண்டு இரவுகள் அதற்குள் கரைந்திருக்கின்றன.

கூழை நான் குறை சொல்லவில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; நம் வீட்டுத் தானியங்களில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. புளிக்க வைப்பதும் ருசிக்காக மட்டும் அன்று. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் சுண்ணாம்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவு புளிக்கும்போது அது குறைகிறது. பள்ளிக்கூடமே போகாத யாரோ ஒரு பெண் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவளுக்குப் பானையின் அடியில் எவ்வளவு மிஞ்சியது என்பதுதான் எனக்கு நெடுநாளாக இருக்கும் கேள்வி.

என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். 1970களில், இன்று பாக்கெட்டில் அடைத்து விற்கிற அத்தனையும் எங்கள் வீட்டில் சும்மா கிடந்தன. கொல்லையில் இரண்டு முருங்கை மரங்கள், சொந்த நிலத்துக் கேழ்வரகு, வேலியோரத்தில் கீரை, முட்டையிடும் கோழிகள். நைனா கழனிக்குப் போகுமுன் குடிப்பார். பிறகு தாத்தா, பிறகு நாங்கள் நால்வர், பிறகு ஆயா. கடைசியில் அம்மா பானையைச் சாய்த்து, ஒட்டியிருப்பதை விரலால் வழித்து, அதில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பார். அந்த வீட்டிலேயே நல்ல நிறமாக இருப்பவர் அம்மாதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அது நிறம் அன்று, வெளுப்பு என்பது எவருக்கும் தெரியவில்லை.

அம்மா புடவை மடியில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி முடிந்திருக்கும். இரவு விளக்கை அணைத்த பிறகு, எங்களோடு பாயில் படுத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மெல்லுவார். இருட்டில் நறுக் நறுக்கென்று அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. "அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழ பெய்யும்பாங்க, உனக்குத்தான் நாலு புள்ள பொறந்தாச்சே, இன்னும் என்னாடி அரிசி?" என்று ஆயா திட்டுவார். நாங்கள் நால்வரும் போர்வைக்குள் சிரிப்போம். பச்சரிசி, சாம்பல், மண், செங்கல்தூள் இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது இரும்புச் சத்துக் குறைந்த உடம்பின் அடையாளமாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னபோது எனக்கு வயது முப்பத்தைந்து.

முருங்கை மரத்தடியிலேயே வாழ்ந்தவருக்கு எப்படி இரும்பு குறைந்தது என்று கேட்பீர்கள். கடைசியாகச் சாப்பிட்டவருக்குக் கீரையும் முட்டையும் மிஞ்சவில்லை என்பது முதல் காரணம். கூழ் குடித்த கையோடு ஒரு தம்ளர் வெல்ல டீ குடிப்பார். டீயின் துவர்ப்பு, உணவில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் எளிதில் சேரவிடாது. மூன்றாவது காரணம் செருப்பு. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து தோலும் காலணியும் கப்பலேறிக்கொண்டிருக்க, என் அம்மா தம் நாற்பதாவது வயதில்தான் முதல் ரப்பர் செருப்பைப் போட்டார். குறைந்த செலவில் உடம்பைப் பேணும் வழி கேட்டீர்களே, என் பட்டியலில் வெந்தயத்துக்கு முன்னால் கொல்லைப்புறத்துச் செருப்பு வரும். அம்மா மட்டும் விதிவிலக்கு என்றும் நினைக்காதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. முருங்கை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் எது?

உங்கள் ஆயாவைப் பற்றிய வரிக்கும் கோபித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத ஆயா இல்லாமல் எனக்குக் கடிதமே வருவதில்லை. தொண்ணூறு வரை இருந்தவரைப் பேரன் நினைவுகூர்கிறான். பத்தொன்பதில் பிரசவத்தில் போன ஓரகத்திக்குப் பேரன் ஏது? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், பிரசவத்தில் தவித்த தம் பெண்களுக்கு உதவி கேட்டு வந்தும், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவு தந்த அதிர்ச்சியில் மருத்துவம் படிக்கப் போன, அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண்ணான ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை; 1918இல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் பெண்களுக்கானது. வாசலை மிதிக்க முடியாமல் செத்த பெண்களால் உருவான வாசல் அது. வேலூர்ப் பக்கத்துக்காரரான நீங்கள் அதை மிதிக்காததைப் பெருமையாக எழுதுவது எனக்கு வலிக்கிறது.

எங்கள் ஆயாவையும் மாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அம்மா ஐந்தாவதாக என் தங்கையைச் சுமந்திருந்தபோது ஊருக்கு வரும் நர்சம்மா அம்மாவின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது" என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு நாளில் மலம் கறுத்தது. பயந்துபோன அம்மா மிச்ச மாத்திரைகளை முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். அடுத்த மாதம் வந்த நர்சம்மா அதைக் கேட்டுக் கத்தவில்லை. மாத்திரை சாப்பிட்டால் கறுப்பது வழக்கம்தான், சாப்பாட்டுக்குப் பின் எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்கு, டீயை ஒரு மணி நேரம் தள்ளிவை என்றார். பிறகு ஆயாவிடம், "இவ சாப்பிடறத பாத்துட்டுத்தான் நான் எழுந்து போவேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஆயா, அதுவரை எவரும் தொடாத பானையிலிருந்து முதல் குவளையை மொண்டு அம்மாவிடம் நீட்டினார். பகல் பதினொரு மணி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவால் விழுங்க முடியவில்லை. குவளையைப் பிடித்தபடி வெட்கத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு குடித்தார்.

தங்கை பிறந்த பிறகு ஒருநாள் துவைக்கும்போது புடவை மடியிலிருந்து ஊறிப்போன அரிசி கல்லில் விழுந்தது. முடிந்ததையே மறந்துவிட்டிருந்தார். "இப்பல்லாம் ருசிக்கவே மாட்டேங்குதுடா" என்றார்.

உங்கள் மனைவிக்குப் பொடி வேண்டாம். இந்த வாரமே அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ஹீமோகுளோபின் பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். பெண்களுக்கு நூறு மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் 58 வயதில் வரும் இரத்தசோகைக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடக்கூடாது. வயிற்றில் எங்காவது இரத்தம் கசிகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் மருத்துவர் பார்க்க வேண்டும். படியேறினால் மூச்சு வாங்குவதற்கு இதயமும் காரணமாக இருக்கலாம், ஆகவே ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். சோதனைக்கு முன்னால் நீங்களாகவே இரும்பு மாத்திரை எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். முடிவு வரும் வரை, விடியற்காலையில் எழுந்து பழகியவர்தானே நீங்கள், துடுப்பை நீங்கள் பிடியுங்கள். அவர் உங்களோடு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். கீரையில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து போடுங்கள்.

அடுத்த கடிதத்தில் வெந்தயத்தைப் பற்றி வேண்டாம். அந்த ஹீமோகுளோபின் எண் எவ்வளவு என்று எழுதுங்கள். முடிந்தால் கடிதத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கிண்டிய கூழ் எப்படி இருந்தது என்று அவர் வாயால் அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.