1963 மோரிஸ் மைனருக்கு கிராஸ்-பிளை டயரா, ரேடியல் டயரா?

உங்கள் அப்பா விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் காரை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரப் போவதாகவும், பழையபடி 5.20-14 அளவில், உள்ளிழைகள் குறுக்குச் சாய்வாகப் படிந்த கிராஸ்-பிளை டயர் போடுவதா, இழைகள் நேராக ஓடும் ரேடியலுக்கு மாறுவதா என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுவதற்கான கார் என்றால் ரேடியல் போடுங்கள். எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே நாளில் போடுங்கள். இந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலும் ஒரு மைனர் இருக்கிறது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா வாங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் முன்டயர்கள் இரண்டிலும் வெடிப்பு கண்டது. "முன்னால் மட்டும் ரேடியல் போடலாம், பின்னால் இருப்பது நன்றாகத்தானே இருக்கிறது" என்றார் டயர் கடைக்காரர். செலவு பாதியாகிறதே என்று நானும் தலையாட்டினேன். அதே வாரம் லிந்தாங் சாலையில் நல்ல மழை. செம்பனை லாரிகள் இழுத்து வந்த செம்மண் சேறு வேறு. நாள்தோறும் போய்வரும் வளைவுதான், வேகம் அறுபதைத் தொடவில்லை. திடீரென்று காரின் பின்பக்கம் வெளியே வீசியது. பாதி சுற்றிப்போய்க் கால்வாய் ஓரப் புல்லில் நின்றோம். பக்கத்தில் அம்மா. வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். கிராஸ்-பிளையில் நூலிழை அடுக்குகள் எதிரெதிர்ச் சாய்வில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பக்கச்சுவர் வளைந்தால் தரையைத் தொடும் பகுதியும் சேர்ந்து நெளியும். ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராக ஓடும். அவற்றின் மேல் எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் தன் போக்கில் வளைந்துகொடுக்க, அடிப்பகுதி தட்டையாகவே தரையில் படியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ரேடியல் உடனே பிடித்துக்கொள்கிறது. கிராஸ்-பிளையோ சற்றுப் பக்கவாட்டில் நழுவிய பிறகுதான் அந்தப் பிடியைத் தருகிறது. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்-பிளை என்றால் கார் எப்படித் திரும்பும்? மூக்கு உடனே திரும்பிவிடும், வால் பிடி கிடைக்காமல் வெளியே வீசும். பிரிட்டனில் இந்தச் சேர்க்கைக்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. ஒரே அச்சில் இரண்டு வகையையும் மாட்டுவது கூடவே கூடாது.

கிராஸ்-பிளையை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் எல்லா அடுக்குகளும் பக்கச்சுவர் வழியாகவே செல்வதால், தோட்டத்துப் பாதையில் கூரிய கல் உரசினாலும் தாங்கும். நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும். ஆனால் ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போனால் விரைவில் சூடேறும். சாலையின் தடங்கள் இழுக்கும் பக்கமெல்லாம் கார் போகும். இரவெல்லாம் நின்ற காரை எடுத்தால் முதல் சில கிலோமீட்டருக்குச் சக்கரம் தடதடக்கும். கண்காட்சிக்கு மட்டும் கொண்டுபோகிற கார் என்றால் கிராஸ்-பிளையே இருக்கட்டும்.

"ரேடியல் போட்டால் பழைய காரின் அசல் தன்மை போய்விடுமே" என்பார்கள். மிஷ்லின் நிறுவனம் ரேடியலுக்குக் காப்புரிமை பெற்றது 1946-இல், விற்பனைக்குக் கொண்டுவந்தது 1949-இல். உங்கள் காரைவிட ரேடியல் மூத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயற்கை ரப்பரிடம் இழந்த இடத்தை இயற்கை ரப்பர் ஓரளவு மீட்டதே ரேடியல் பரவியதால்தான். எஃகோடு நன்றாக ஒட்டுவதும், நெளியும்போது அதிகம் சூடேறாததும் பால்மரத்து ரப்பரின் குணம். எங்கள் பாட்டி ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். இந்த டயர் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது.

வாங்கும்போது 145 ஆர் 14 அளவைக் கேளுங்கள். அகலமான டயர் அழகு என்று யார் சொன்னாலும் மசியாதீர்கள். மைனரின் ரிம் குறுகலானது. டியூபும் ரேடியலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். டயருக்குள் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டை உரித்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது டியூபை அரித்துவிடும். காற்றழுத்தத்துக்குப் பழைய கையேட்டை நம்பாதீர்கள், அதிலுள்ள அளவு கிராஸ்-பிளைக்கானது. நான் முன்னால் 26, பின்னால் 28 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிறேன். டயர் எப்போது செய்தது என்று காட்டும், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நம் வெயிலில், குறைவாக ஓடும் காரின் டயர் தேய்வதற்கு முன்பே கெட்டுவிடும்.

பின்பெட்டியில் கிடக்கும் மாற்று டயரையும் அன்றே ரேடியலாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வழியில் ஒரு பஞ்சர் ஆனாலே, ஒரே அச்சில் இரண்டு வகை மாட்டிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.