சவானால எங்க சாப்பிடலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம் பக்கம் போறவங்க சவானாவை விட்றாதீங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன். அதுக்கு வந்த மெயில்ல ஒருத்தராவது அந்த ஊரோட பழைய வீடுகளைப் பத்தியோ சதுக்கங்களைப் பத்தியோ கேட்டிருக்கணுமே, ம்ஹூம், எல்லாருக்கும் அங்க எங்க சாப்பிடுறதுன்னு மட்டும்தான் தெரியணுமாம். நம்ம ஆளுங்க! சரி, இந்தத் தடவை முழுக்க அதுக்கே.

கேள்வி: அட்லாண்டாவுல இருந்து வெள்ளிக்கிழமை காலைல கிளம்பி சனிக்கிழமை ராத்திரி திரும்புறோம். எதை விட்டாலும் எதை விடக்கூடாது? (அட்லாண்டா வாசகி)

பதில்: வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி ஜெயிச்சாச்சு. ஏன்னா மிஸஸ் வில்க்ஸ் டைனிங் ரூம் வாரநாள் மத்தியானம் மட்டும்தான், 11 மணிக்குத் திறந்து 2 மணிக்கு மூடிடுவாங்க. ரிசர்வேஷன் கிடையாது. க்யூ கண்டிப்பா இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேலயும் நிக்க வேண்டி வரலாம், அதனால காலைல 6 மணிக்கே வண்டியை எடுத்துடுங்க, நாலு மணி நேர டிரைவ், பத்தரைக்கு ஜோன்ஸ் ஸ்ட்ரீட்ல நின்னுடலாம். வெயில் காலம்னா தண்ணி பாட்டில், குடை ரெண்டும் வேணும்.

1943-ல சீமா வில்க்ஸ்ங்கிற அம்மா எடுத்து நடத்துன தங்கும் விடுதி அது, தங்கியிருக்கிறவங்களுக்குப் பொங்கிப் போட்ட அதே முறைதான் இன்னிக்கும். மெனு கார்டு கிடையாது. பத்துப் பேர் மேசைல முன்னப்பின்ன தெரியாதவங்களோட உக்காரணும், பொரிச்ச கோழி, ரெட் ரைஸ் (தக்காளிச் சோறு), கீரை, பீன்ஸ், வெண்டைக்காய், மக்ரோனி சீஸ், பிஸ்கட்னு (நம்ம ஊர் பிஸ்கட் இல்ல, மெத்துன்னு இருக்கிற ரொட்டி) பாத்திரம் பாத்திரமா மேசை முழுக்க இருக்கும், கைமாத்திக் கைமாத்திப் போட்டுக்க வேண்டியதுதான். உப்பு எடுத்துக் குடுங்கன்னு ஆரம்பிச்சு கிளம்புறதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவரு பேரன் பேத்தி கதை வரைக்கும் வந்துடும். முடிச்சதும் உங்க தட்டை நீங்களே கொண்டுபோய் கிச்சன்ல வைக்கணும், அதுதான் அங்க வழக்கம். ஒபாமா ஜனாதிபதியா இருந்தப்ப 2010-ல வந்து சாப்பிட்டுட்டுப் போனாரு.

இதைச் சாப்பிட்டா ராத்திரி வரைக்கும் பசிக்காது, அதனால டின்னரை 8 மணிக்குத் தள்ளிப் போடுங்க. தி க்ரே கிடைச்சா அங்க போங்க, ஆனா முன்னாடியே புக் பண்ணணும். 1938-ல கட்டின க்ரேஹவுண்ட் பஸ் ஸ்டாண்டு அது, வெள்ளைக்காரங்களுக்கு ஒரு வெயிட்டிங் ரூம் கறுப்பினத்தவங்களுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருந்த காலத்துக் கட்டிடம். 2014 கடைசில அதையே ரெஸ்டாரண்டா மாத்துனாங்க, மஷாமா பெய்லின்னு ஒரு கறுப்பினப் பெண்தான் அங்க செஃப், பார்ட்னரும் அவங்கதான். 2019-ல தென்கிழக்கு மாநிலங்களோட சிறந்த செஃப், 2022-ல மொத்த நாட்டுக்குமே சிறந்த செஃப்னு ரெண்டு ஜேம்ஸ் பியர்ட் விருது, அமெரிக்கச் சமையல் உலகத்துல பெரிய விருது அது. பில் கூடத்தான் வரும், ஆனா அந்தக் கட்டிடத்துல அவங்க சமையலைச் சாப்பிடுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு.

சனிக்கிழமை காலைல ஃபோர்சித் பார்க்ல உழவர் சந்தை, 9-ல இருந்து 1 வரைக்கும். அங்க சுத்திட்டு மத்தியானம் ஸ்கிடவே ரோட்டுல இருக்கிற சிஸ்டர்ஸ் ஆஃப் த நியூ சவுத். டூரிஸ்ட் ஏரியாவுக்கு வெளிய இருக்கு, நடந்து போக முடியாது, ஆனா ஊர்க்காரங்க சாப்பிடுற இடம். ஒரு கறி, கூட சைடு டிஷ்ஷுங்க, சோள ரொட்டின்னு தட்டு நிறைய வரும். க்ரேல டேபிள் கிடைக்கலைன்னா அழ வேண்டாம், இங்க வந்தா போதும்.

கேள்வி: ஆத்தைப் பாத்துக்கிட்டே சாப்பிடணும்னு என் வீட்டுக்காரருக்கு ஆசை. ரிவர் ஸ்ட்ரீட்ல எந்தக் கடை நல்லது? (சார்லட் வாசகி)

பதில்: இதுல நான் கொஞ்சம் கறாரான ஆளு. ரிவர் ஸ்ட்ரீட் பாக்குறதுக்கு, சாப்பாடு ஆத்துக்கு மேல மேட்டுல இருக்கிற தெருவுங்கள்ல. பழைய பருத்தி கிடங்குங்க, அந்தக் காலத்துக் கப்பல்ல பாரத்துக்கு ஏத்தி வந்து இறக்கிப் போட்ட கல்லையே பாவின தெரு, எல்லாம் அழகுதான், ஆனா அங்க நிறைய கடை கூட்டத்தை நம்பி நடக்குற கடை, வாசல்ல நின்னு கூப்பிடுறாங்கன்னா நீங்க நடந்துக்கிட்டே இருங்க.

வீட்டுக்காரர் விடலைன்னா விக்ஸ் ஆன் த ரிவர். மேட்டுல இருக்கிற பே ஸ்ட்ரீட் வழியா உள்ள போனா ஜன்னல் வழியா கீழ ஆறு தெரியும், டேபிள் புக் பண்றப்பவே ஜன்னல் ஓரம்னு கேளுங்க. 1864-ல, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல, வடக்குத் தளபதி ஷெர்மனோட படை ஊரைப் பிடிச்சப்ப அவங்க ஆளுங்க சுவத்துல கையால வரைஞ்ச மேப் ஒண்ணு இன்னும் உள்ள இருக்கு. அதுக்கப்புறம் கீழ இறங்கி ஒரு பெஞ்சைப் பிடிச்சு உக்காருங்க, துறைமுகம் ஆத்துக்கு மேல்பக்கம் இருக்கிறதால பெரிய பெரிய கன்டெய்னர் கப்பல் எல்லாம் கரையை ஒட்டியே போகும், எதிர்ல இருக்கிற கட்டிடத்தையே மறைக்கும். ஒரு கப்பல் போனா பத்து நிமிஷத்துக்கு யாரும் பேச மாட்டாங்க.

முட்டி வலி இருக்கிறவங்க பே ஸ்ட்ரீட்ல இருந்து இறங்குற அந்தப் பழைய கல் படியைத் தொடவே வேண்டாம், செங்குத்து, படி ஒண்ணு உயரம் ஒண்ணு தாழ்வு. ஹயாத் ஹோட்டல் பக்கத்துல லிஃப்ட் இருக்கு.

கேள்வி: அப்பா அம்மா ஊர்ல இருந்து வந்திருக்காங்க, சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அந்த ஊர் சாப்பாட்டுல அவங்களுக்கு ஏதாவது கிடைக்குமா, இல்ல புளியோதரை கட்டிக்கிட்டுப் போகணுமா? (ஜாக்சன்வில் வாசகர்)

பதில்: ரெண்டு மணி நேர டிரைவ்தானே, புளியோதரை எப்படியும் கட்டுங்க, அதுல என்ன வெக்கம்.

விஷயம் என்னன்னா, தெற்கத்தி சமையல்ல காய்கறி ஏராளம், ஆனா காய்கறிக்குள்ள பன்னி ஒளிஞ்சிருக்கும். கொலார்ட் கீரையைப் புகை போட்ட பன்னிக் கால் எலும்போட இல்லன்னா புகை போட்ட வான்கோழியோட மணிக்கணக்கா வேக வைப்பாங்க, அந்த ருசியே அதுலதான் வருது. பீன்ஸ்ல பேக்கன். தட்டப்பயறுல பேக்கன். ரெட் ரைஸ்ல பேக்கனோ சாசேஜோ இருக்கும். மெனுல 'வெஜிடபிள் ப்ளேட்'னு போட்டிருந்தா நாலு காய் ஒரு தட்டுலன்னு மட்டும்தான் அர்த்தம், அது சைவம்னு அவங்க எங்கயும் சொல்லல. பச்சைத் தக்காளி வறுவல் சைவம் மாதிரிதான் இருக்கும், மாவுல முட்டை இருக்கும், அதையும் இறாலையும் ஒரே எண்ணெய்ல பொரிப்பாங்க. சர்க்கரைவள்ளிக்கிழங்கு மேல உருகிக் கிடக்கிற மார்ஷ்மெல்லோல கூட ஜெலட்டின், மாட்டு எலும்போ பன்னித் தோலோ. இதைக் கேட்டா உங்க அம்மா அன்னிக்கு விரதம்னு சொல்லிடுவாங்க.

சர்வர்கிட்ட 'நாங்க வெஜிடேரியன்'னு மட்டும் சொல்லிட்டு விட்றாதீங்க, கீரையைக் கொண்டுவந்து வச்சிடுவாங்க, அவங்களுக்கு அது கீரைதான். இதுல பன்னி இருக்கா, பேக்கன் கொழுப்பு ஊத்துனீங்களா, சிக்கன் ஸ்டாக்ல வேக வச்சதா, முட்டை இருக்கான்னு ஒவ்வொண்ணா கேளுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க, கிச்சனுக்குப் போய் கேட்டுட்டு வந்து சொல்வாங்க. மிஸஸ் வில்க்ஸுக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, அவ்ளோ பாத்திரம் கைமாறுறப்ப ஒவ்வொண்ணுக்கும் விசாரணை வச்சா நீங்களும் சாப்பிட மாட்டீங்க.

ட்ரூப் சதுக்கத்துல ஃபாக்ஸ் அண்ட் ஃபிக்னு ஒரு கடை, முழுக்க வீகன், முட்டை பால் எதுவும் கிடையாது. ஃபோர்சித் பார்க் தெக்கால ஓரத்துல சென்டியன்ட் பீன், சைவக் காபிக் கடை, அங்க முட்டை மட்டும் பாத்துக்குங்க. போறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் நேரம் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

கேள்வி: ஷ்ரிம்ப் அண்ட் க்ரிட்ஸ் அப்படி ஒண்ணும் பிரமாதமா இல்லையே? எதுக்கு இவ்ளோ ஹைப்? (டாலஸ் வாசகர்)

பதில்: எந்தக் கடைல சாப்பிட்டீங்கன்னு சொல்லலையே சார். க்ரிட்ஸ்ங்கிறது உலர்ந்த சோளத்தை உடைச்ச நொய், பதமா வெந்தா நெய் விட்ட ரவைக் கஞ்சி மாதிரி வழவழன்னு நிக்கணும், அதுக்கு அரை மணி நேரத்துக்கு மேல கிண்டணும். இன்ஸ்டன்ட் பாக்கெட்டை வெந்நில கலக்கினா பசைதான் வரும். கல் மில்லுல அரைச்ச க்ரிட்ஸான்னு கேளுங்க.

ரெண்டாவது இறால். கடலோரத்துல உக்காந்து சாப்பிடுறோம்னு நினைப்போம், தட்டுல இருக்கிறது பண்ணைல வளர்த்து ஃப்ரீஸ் பண்ணி வெளிநாட்டுல இருந்து வந்ததா இருக்கும், நம்ம ஆந்திரா இறாலா கூட இருக்கலாம், அமெரிக்காவுக்கு அதிகமா இறால் அனுப்புறதே இந்தியாதானே. அதுக்கு சவானா வரைக்கும் எதுக்கு பெட்ரோல்? 'ஒயில்ட் ஜார்ஜியா ஷ்ரிம்ப்'னு மெனுல எழுதியிருக்கிற இடம் பாருங்க. இலையுதிர் காலத்துல வர்ற வெள்ளை இறால் தனி இனிப்பு.

ரெட் ரைஸையும் ஒரு கை பாத்துடுங்க. தக்காளில வேக வச்ச சோறு, மேற்கு ஆப்பிரிக்காவோட ஜொலோஃப் சோறு வழி வந்தது. அந்தப் பக்கத்துல நெல்லு விளைய வச்சவங்களே அங்கிருந்து அடிமையா பிடிச்சுக் கொண்டுவந்த ஜனங்கதான், நெல்லு பயிரிடத் தெரிஞ்சவங்கன்னு தேடிப் பிடிச்சதும் உண்டு. வெண்டைக்காய், தட்டப்பயறு, எள்ளு எல்லாம் இந்த ஊர்த் தட்டுக்கு வந்தது அப்படித்தான். அவங்க வம்சாவளிதான் கல்லா கீச்சி மக்கள், இன்னிக்கும் அந்தக் கடலோரத்துல இருக்காங்க. சவானா சமையல்னு பேர் வாங்குனதுல பெரும்பங்கு அவங்க கைப்பக்குவம், பேரு மட்டும் ரொம்ப காலம் வேற யாருக்கோ போச்சு.

கேள்வி: சிப்பி சாப்பிட எந்த மாசம் போகணும்? (பெயர் போடாத வாசகர்)

பதில்: குளிர் காலம். ஜார்ஜியா சிப்பி கொத்து கொத்தா ஒட்டி வளரும், ஓரம் பிளேடு மாதிரி வெட்டும், கையுறை குடுப்பாங்க, போட்டுக்குங்க. சூடான இரும்புத் தகடு மேல கொட்டி நனைச்ச சாக்கைப் போத்தி ஆவில வேக வைக்கிற ஆய்ஸ்டர் ரோஸ்ட்டுக்கு யாராவது கூப்பிட்டா மத்த பிளானை எல்லாம் கேன்சல் பண்ணிட்டுப் போங்க.

கேள்வி: இனிப்பு? பசங்க ரெண்டு பேர் இருக்காங்க.

பதில்: ப்ராட்டன் ஸ்ட்ரீட்ல லியோபோல்ட்ஸ் ஐஸ்க்ரீம். கிரீஸ்ல இருந்து வந்த மூணு அண்ணன் தம்பிங்க 1919-ல ஆரம்பிச்சது, நடுவுல மூடி, ஒருத்தரோட பையன் ஹாலிவுட்ல தயாரிப்பாளரா இருந்துட்டு 2004-ல திரும்பத் திறந்தாரு. ராத்திரி க்யூ தெருமுனை வரைக்கும் போகும், மத்தியானம் போங்க. டூட்டி ஃப்ரூட்டி அங்க பழைய ஐட்டம், நம்ம ஊரு கலர் பப்பாளித் துண்டு இல்ல, ரம் வாசனைல பழத்துண்டும் ஜார்ஜியா பீக்கன் கொட்டையும் போட்டது.

ரிவர் ஸ்ட்ரீட் மிட்டாய்க் கடைங்கள்ல பீக்கன் ப்ராலீன், அதாவது கொட்டையைச் சர்க்கரைப் பாகுல போட்ட மிட்டாய், சுடச்சுட சாம்பிள் குடுப்பாங்க, இலவசம். ஒரு கடைல வாங்கிட்டு அடுத்த கடைக்குப் போனா அங்கயும் குடுப்பாங்க. சுகர் இருக்கிற பெரியவங்களை அந்தத் தெருவுல தனியா விடாதீங்க.

கேள்வி: டிப்ஸ் கட்டாயமா? பில்லே கூட வருது. (புதுசா வந்த மாணவர்)

பதில்: மேசைல கொண்டுவந்து பரிமாறுற இடத்துல 18ல இருந்து 20 சதவீதம் வச்சிடுங்க தம்பி. டிப்ஸ் வாங்குறவங்களுக்கு அங்க முதலாளி குடுக்க வேண்டிய குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட், மிச்சம் உங்க கைல இருந்துதான் வருது. ரெண்டு பேரா ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துக்குங்க, அந்த ஊர்ப் பரிமாறல் ரெண்டு பேருக்குத் தாராளம்.

கேள்வி: மார்ச்ல வரலாம்னு இருக்கோம், டைபீ தீவையும் சேத்துக்கலாமா? (நாஷ்வில் வாசகி)

பதில்: மார்ச் 17-ஐ ஒட்டி மட்டும் வேண்டாம், செயின்ட் பேட்ரிக்ஸ் டே, அயர்லாந்துக்காரங்க திருநாள், அமெரிக்காவுலயே பெரிய ஊர்வலங்கள்ல ஒண்ணு அங்க நடக்குது, ஊரே பச்சை சட்டை, ரூமும் கிடைக்காது டேபிளும் கிடைக்காது. மத்த நாள்ல தாராளமா வாங்க. டைபீ 18 மைல்தான். போற வழில தி க்ராப் ஷாக், மேசை நடுவுல ஓட்டை, கீழ குப்பைத் தொட்டி, இறால், நண்டு, சோளம், உருளைக்கிழங்கு, சாசேஜ் எல்லாம் ஒண்ணா வெந்து வரும், உரிச்சு உரிச்சு ஓட்டை வழியா போட்டுக்கிட்டே இருக்கலாம். வாசல்ல குட்டி முதலைங்க வேற, பசங்க அங்கிருந்து நகர மாட்டாங்க. தீவுக்குப் போற ஹைவே 80 மட்டும் அலை ரொம்ப ஏறுற நாள்ல தண்ணில முங்கும், கிளம்புறதுக்கு முன்னாடி அன்னிக்கு ஹை டைட் எத்தனை மணிக்குன்னு பாத்துட்டு வண்டியை எடுங்க.