பாலித் தீவில் நாம் பார்ப்பது மக்கள் வாழும் பண்பாடா, பயணிகளுக்கான காட்சியா?

பெங்களூர் வைட்ஃபீல்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா அம்மாவை பாலிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே கோயில், நடனம், பூஜை என்று காட்டுவதெல்லாம் அந்த மக்கள் வாழ்கிற வாழ்க்கையா, டூரிஸ்டுக்காக நடத்துவதா? அது நிஜமாகவே இந்துத் தீவுதானா?"

நான் அல்சூரில் இருக்கிறேன். மனைவியோடும் மாமியாரோடும் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காட்சியும் உண்டு, வாழ்க்கையும் உண்டு. எது எது என்று பாலிக்காரர்களே தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

சுற்றுலா பெருகத் தொடங்கியபோதே அவர்களுக்கு இந்தக் கவலை வந்துவிட்டது. 1971-ல் அறிஞர்களும் கலைஞர்களும் அதிகாரிகளும் கூடி, நடனங்களை மூன்றாக வகுத்தார்கள். கோயிலின் உள்முற்றத்தில் தெய்வத்துக்கு ஆடுவது ஒன்று. நடு முற்றத்தில் திருவிழாவையொட்டி ஆடுவது இன்னொன்று. வெளி முற்றத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்க ஆடுவது மூன்றாவது. முதல் வகையை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதுதான் அந்தக் கூட்டத்தின் நோக்கம். 2015-ல் யுனெஸ்கோ பாலி நடனங்களைத் தன் பட்டியலில் சேர்த்தபோதும் இதே மூன்று வகைகளாகத்தான் சேர்த்தது.

உலுவாத்துவில் மாலை வேளையில் நீங்கள் பார்க்கப்போகும் கேச்சக் நடனம் மூன்றாவது வகை. வட்டமாக உட்கார்ந்து "சக் சக்" என்று குரலெழுப்பும் ஆண்கள், நடுவில் ராமாயணம், கடைசியில் நெருப்புக்குள் அனுமன். சாமியாட்டச் சடங்கில் பாடப்பட்ட குழுக்குரலை எடுத்து, ராமாயணக் கதையைச் சேர்த்து, 1930-களில் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியரும் உள்ளூர் ஆட்டக்காரர் வாயான் லிம்பாக்கும் சேர்ந்து உருவாக்கியது அது. பார்ப்பதற்கென்றே பிறந்த கலை. அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. என் மாமியார் அனுமன் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால் பாலியின் பண்பாடு உயிரோடிருக்கிறதா என்பதற்கு அந்த ஒரு மணி நேரத்தில் பதில் கிடைக்காது.

பதில் காலையில் கிடைக்கும். உபுத்தில் நாங்கள் தங்கியது ஒரு வீட்டின் பின்கட்டில். விடிந்ததும் அந்த வீட்டு அம்மா தட்டு நிறைய சின்னச் சின்ன ஓலைத்தட்டுகளோடு கிளம்புவார். சானாங் சாரி என்பார்கள். தென்னங்குருத்தோலையை மடித்து, மூங்கில் சிம்பால் குத்தி, உள்ளே பூ வைப்பது. பூவுக்கும் திசைக் கணக்கு உண்டு: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலமோ பச்சையோ. வீட்டுக்கோயில், அடுப்படி, வாசல், ஸ்கூட்டர் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று. தரையில் வைப்பது பூதங்களுக்கு. என் மாமியார் வேலூர்ப் பக்கம். கோயில் திருவிழாவுக்குக் குருத்தோலைத் தோரணம் கட்டி வளர்ந்தவர். மறுநாளே அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இவர் மடித்துக் காட்டிய கிளியைப் பார்த்து அவர் சிரித்தார், அவர் தட்டு மடிப்பதை இவர் கற்றுக்கொண்டார். அந்தத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்திருந்த நேரம்தான் எங்கள் பயணத்திலேயே நல்ல நேரம் என்பேன். இன்று நகரத்துப் பெண்கள் சந்தையில் ஆயத்தமாக வாங்குகிறார்கள், மூங்கில் சிம்புக்குப் பதில் ஸ்டேப்ளர் போடுகிறார்கள், ஓலையே ஜாவாவிலிருந்து லாரியில் வருகிறது. வைப்பது மட்டும் நிற்கவில்லை.

இதையெல்லாம் தாங்கிப் பிடிப்பது பக்தி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பஞ்சார் என்ற ஊர் அமைப்புதான் முக்கியமான காரணம். நம் கிராமங்களில் தலைக்கட்டு என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். கல்யாணம் ஆனதும் அந்தக் குடும்பம் பஞ்சாரில் சேர்ந்தாக வேண்டும். மரத்தைக் குடைந்து செய்த குல்குல் என்ற முரசு ஒலித்தால் மண்டபத்துக்குப் போயாக வேண்டும். கோயில் விழாவுக்குப் பந்தல் போடுவது, விடியுமுன் பன்றி அறுத்து இறைச்சி கொத்துவது, பாடை கட்டுவது, இசைக்குழுவில் வாசிப்பது எல்லாமே ஊர்ப் பொறுப்பு. எதற்கும் கூலி கிடையாது, வராவிட்டால் அபராதம் உண்டு. எங்கள் வண்டி ஓட்டுநர் நடுவில் ஒருநாள் வரவில்லை, தன் ஒன்றுவிட்ட தம்பியை அனுப்பினார். ஊரில் ஒரு சாவு, எரியூட்டும் வேலைக்குப் போயாக வேண்டும் என்றார். அன்றைய வருமானம் போனதே என்று நான் கேட்டபோது, "நாளைக்கு எனக்கும் அவர்கள் வரவேண்டுமே" என்றார். ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடுவதும் இதற்காகத்தான். இதில் கடுமையும் உண்டு. ஊர் விலக்கிவைத்துவிட்டால் சாவுக்குத் தோள்கொடுக்க ஆளில்லை, அந்த வலி நம் ஊர்களும் அறிந்ததே. ஆனாலும் சம்பளமில்லாத இந்த உழைப்பு இருக்கும்வரை அங்கே நடப்பதை நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பண்டிகைக் கணக்கைப் பார்த்தால் நம்மவர்கள் அசந்துபோவார்கள். 210 நாள் கொண்ட பாவுக்கோன் என்ற நாட்காட்டி ஒன்று அங்கே ஓடுகிறது. அதன் கடைசி நாள் சரஸ்வதிக்கு. புத்தகங்களையும் ஓலைச்சுவடிகளையும் அடுக்கிப் படைப்பார்கள், அன்று படிக்கக் கூடாது. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து தும்பெக் லண்டெப் என்ற பூஜை நாள். முன்பு ஆயுதங்களுக்கு இருந்த பூஜை இப்போது கார், பைக் எல்லாவற்றுக்கும். பெங்களூரில் ஆயுத பூஜையன்று ஆட்டோ நிறுத்தத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மரங்களுக்கு ஒருநாள், ஆடுமாடுகளுக்கு ஒருநாள் என்று வேறு தும்பெக்குகளும் உண்டு. இதோடு சக ஆண்டுக் கணக்கும் தனியாக உண்டு. இங்கே யுகாதி வரும் அதே நாட்களையொட்டி அங்கே நியெப்பி. காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிவரை விளக்கு, வேலை, பயணம், கேளிக்கை எதுவும் கிடையாது. விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படும். 2018 முதல் மொபைல் இணையத்தையும் நிறுத்துகிறார்கள். ஹோட்டலில் இருக்கும் வெளிநாட்டாரும் வாசலைத் தாண்ட முடியாது. சுற்றுலாவை நம்பி வாழும் தீவு ஆண்டுக்கொருமுறை சுற்றுலாவையே நிறுத்திவிடுகிறது என்றால், அந்தப் பண்பாடு யாருக்காக நடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்துத் தீவுதானா என்ற கேள்விக்கு வருகிறேன். மக்கள்தொகையில் பெரும்பான்மை இந்துக்கள்தான். காயத்ரியில் தொடங்கும் திரிசந்தியா பிரார்த்தனை நாளைக்கு மூன்று வேளை உண்டு. ஆனால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மயிலாப்பூரை எதிர்பார்த்துப் போகக் கூடாது. பெரும்பாலும் கருவறையில் விக்கிரகம் இருக்காது, வானம் பார்த்த முற்றங்களும் வெறும் கல் ஆசனமும்தான். விழா நாளில் தெய்வம் இறங்கி வந்து அதில் அமரும் என்பது நம்பிக்கை. படையலில் பன்றியும் வாத்தும் இருக்கும், சேவல் ரத்தம் மண்ணில் விழும். நம் ஐயனார், மாரியம்மன் கோயில் கொடைகளைப் பார்த்தவர்களுக்கு பாலி சட்டென்று புரியும். "நம்மிடமிருந்து போனதுதானே" என்று உரிமை கொண்டாடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓட்டுநரிடம் அப்படிப் பேசும் நம்மவர்களை நான் பார்த்தேன், கஷ்டமாக இருந்தது. ஆயிரம் வருடமாக அவர்கள் தாங்களே வளர்த்தெடுத்தது அது.

அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. 1906 செப்டம்பர் 20 அன்று டச்சுப் படை பாலியின் இன்றைய தலைநகரான தென்பசாருக்குள் நுழைந்தபோது, படுங் அரச குடும்பத்தினரும் ஊழியர்களும் வெள்ளுடை உடுத்தி நேரே துப்பாக்கிகளை எதிர்கொண்டு நடந்து மடிந்தார்கள். ஐரோப்பாவில் அது பெரிய அவமானமானது. அதன் பிறகுதான் டச்சு அரசு பாலியை "காப்பாற்றப்பட வேண்டிய பண்பாடு" என்று உலகுக்குக் காட்டத் தொடங்கியது, கப்பலில் பயணிகளைக் கொண்டுவந்தது. தென்பசாரின் நடுவில் அந்த இடத்தில் இன்று ஒரு திடல் இருக்கிறது. பேக்கேஜில் இருக்காது, பெற்றோரை அழைத்துப் போங்கள்.

எனக்கு உண்மையான பயம் நடனத்தைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. சுபாக் என்ற பாசன அமைப்பில், எந்த வயலுக்கு எப்போது நீர் என்பதை விவசாயிகள் நீர்க்கோயில்களில் கூடி முடிவுசெய்கிறார்கள். 2012-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1970-களில் பசுமைப் புரட்சி வந்து, கோயில் முறையை விட்டு அவரவர் முடிந்த அளவு பயிரிடச் சொன்னது. பூச்சி பெருகியது, தண்ணீர் தட்டுப்பாடு வந்தது. பக்கத்து வயல்களெல்லாம் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவில்லை என்பதுதான் கோயில் கணக்கின் சூட்சுமம். ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் கணினி மாதிரி வைத்து அதைக் காட்டினார். இப்போது சாங்கு என்ற ஊர்ப் பக்கம் வயலெல்லாம் வில்லா ஆகிறது. வயல் போனால் நீர்க்கோயிலில் கூட ஆளிருக்காது.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது தெரியும். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. நூற்றாண்டுகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்த திகளர்கள் எடுக்கும் கரகத்துக்காக அந்த ஏரியின் சிறு துண்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். கரகம் இன்னும் நடக்கிறது, நானும் ஆண்டுதோறும் போகிறேன். ஆனால் ஏரியும் அதைச் சுற்றியிருந்த தோட்டங்களும் போய்விட்டன. பாலிக்கு அந்தக் கதி வரக் கூடாது என்று மனதார வேண்டுகிறேன்.

உங்கள் பயணத்துக்குச் சில யோசனைகள். லெம்புயாங் கோயிலின் "சொர்க்க வாசல்" படத்தில் தெரியும் ஏரி அங்கே கிடையாது, கேமராவுக்கடியில் கண்ணாடி வைத்து எடுப்பது. வயதானவர்களை அந்த வரிசையில் நிற்கவைக்காதீர்கள். அந்த நேரத்தை ஜாத்திலுவே வயல்களுக்குக் கொடுங்கள். பக்கத்து ஊரில் கோயில் விழா ஏதும் உண்டா என்று ஓட்டுநரைக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். சரோங்கும் இடைக்கச்சையும் கட்டிக்கொண்டு போய், கும்பிடுகிறவர்களுக்குக் குறுக்கே நடக்காமல், பூசாரியைவிட உயரமான இடத்தில் நிற்காமல் ஓரமாக உட்கார்ந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். தீர்த்த எம்புல் சுனைக்கு அதிகாலையில் போய்விடுங்கள், மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இருக்கும் நீர்த்தாரைகளில் சில இறந்தவர்களுக்கான சடங்குக்கு ஒதுக்கப்பட்டவை, அம்மாவுக்குத் தலை நனைக்குமுன் எவை என்று அங்கிருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.